மருமகளின் பரீட்சை

பரீட்சை என்றதும் நெஞ்சு படபடப்பது மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருக்கும் இளம் வாசகர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியிலே தமிழ் படிப்பித்து, ஆயிரக்கணக்கான விடைத்தாள்களிற் சிவப்பு மையால் கோடிட்டு, "மேலும் முயல்க" என்று சற்றும் இரக்கமின்றி எழுதிப் பழகியவன் நான். அத்தகைய என் கையே சென்ற இரண்டு மாதங்களாக ஒவ்வோர் இரவும் ஒரு பரீட்சையை நினைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பரீட்சை எனக்கன்று, என் தமக்கையின் மகளுக்கு.

மருமகள் ஏற்கெனவே வைத்தியர். அரசாங்க வைத்தியசாலையொன்றின் குழந்தைகள் விடுதியிலே பகலென்றும் இரவென்றும் பாராமல் வேலை செய்பவள். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் குழந்தை மருத்துவத்துக்கென நடத்தும் மேற்பரீட்சையில் தேறினாலன்றி அத்துறையிலே நிபுணர் ஆக முடியாது. சென்ற முறை சில புள்ளிகளால் தவறிவிட்டது. இம்முறையும் தவறினால் இந்த ஆசையையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். அப்படிச் சொன்னபோது அவள் அழவில்லை. அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது. "பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டில் இருந்து படி" என்று அழைத்துக்கொண்டோம். தாய்வழிக் குடிமுறை நிலைத்த இந்த மட்டக்களப்பு மண்ணிலே தாய்மாமன் என்பவன் கலியாணப் பந்தலில் நின்று பல்லிளிப்பதற்கு மட்டும் உரியவன் அல்லன். அவனுக்குக் கடமைகள் உண்டு.

எனக்குக் கிடைத்த கடமை இதுதான். வாவிக்கரைக் காற்று வீசத் தொடங்கும் மாலை வேளையில், சப்பாத்துப் பெட்டியொன்றிலே அடுக்கிவைத்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வினாவை வாசிக்க வேண்டும். ஒரு வினாவின் கீழ் ஐந்து கூற்றுக்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் "சரி" அல்லது "பிழை" என்று சொல்லுவாள். அட்டையின் மறுபுறத்தைத் திருப்பி ஒத்துப்பார்ப்பது என் வேலை. அந்தப் பெட்டியிலே எத்தனை அட்டைகள் இருந்தனவோ அறியேன், எண்ணத் துணிவில்லை. அவற்றுக்குள் ஒழுங்கென்று ஒன்றுமில்லை. செங்கமாரிக்குப் பின்னே பாம்புக்கடி, அதன் பின்னே பல் முளைக்கும் மாதம், அதன் பின்னே உச்சரிக்கவும் இயலாத ஏதோவொரு ஜேர்மானியன் பெயர் பூண்ட நோய். நான் அப்பெயர்களை வாசிக்கும் அழகைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்புக்காகவேனும் அந்தப் பணி தகும் என்று என் மனைவி சொன்னாள்.

முதற் கிழமை முழுதும் வளர்ச்சிக் கணக்குகள். பிறக்கும்போது மூன்று கிலோ நிறையுள்ள பிள்ளை ஐந்தாம் மாத அளவில் அதன் இருமடங்காகிறது, ஓர் ஆண்டில் மும்மடங்கு, இரண்டாண்டில் நான்மடங்கு. பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளம். ஓர் ஆண்டில் 75. நாலு வயதில் 100. இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு ஒரு வியப்புத் தோன்றியது. முதலாண்டு வளர்ந்த வேகத்திலேயே நாம் தொடர்ந்து வளர்ந்திருந்தால், கல்லடிப் பாலத்தின்மேல் நடக்க வேண்டிய தேவையே இராது. வாவியை ஒரே எட்டிற் கடந்துவிடலாம்!

அதன்பின் வந்தவை பிள்ளை எப்போது எதைச் செய்யும் என்னும் அட்டைகள். தாயின் முகம் பார்த்துச் சிரிப்பது ஆறாவது கிழமை. தலை நிற்பது மூன்று, நான்கு மாதம். குப்புறக் கிடந்து கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது ஐந்து, ஆறு மாதம். கை கொட்டுவது ஒன்பது, பத்து மாதம். துணையின்றி நடப்பது ஓர் ஆண்டை ஒட்டி. இவற்றை வாசித்துக்கொண்டு போகையில் என் கை சற்றே நின்றது. "ஏன் மாமா நிறுத்திவிட்டீர்கள்?" என்றாள். "பிள்ளை, இந்த அட்டையை எழுதியவர் யார்? இது எங்கள் பாடமல்லவா!" என்றேன்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் படித்த மாணவர்கள் அதன் பத்துப் பருவங்களையும் பரீட்சைக்காக உருப்போட்டிருப்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பாடிய காலந்தொட்டு அம்மரபு வழிவழியாக வருவது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்கள் செல்லும். பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கிலே தம்முள் முற்றும் ஒத்துப்போவதில்லை. ஆயினும், செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை ஓராண்டு நிரம்பும் அளவில் என்பது பொதுவழக்கு. செங்கீரை என்பது யாது? இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை நிமிர்ந்து ஆடுதல். சப்பாணி என்பது கை கொட்டுதல். வருகை என்பது தளர்நடையிட்டு வருமாறு அழைத்தல். வைத்தியப் பரீட்சை எழுதுகிறவர்கள் மேனாட்டு நூல்களில் மனனம் செய்கிற அட்டவணையை நம் புலவர்கள் தாய்மார் மடியிலிருந்து பார்த்து எழுதிவிட்டார்கள்.

இவை எல்லாவற்றினும் என்னை ஆட்கொண்டது அம்புலிப் பருவம். பதினைந்து முதல் பதினெட்டு மாதம் வரையுள்ள பிள்ளைக்கு நிலாவைக் காட்டி, அதனோடு விளையாட வருமாறு நிலாவை அழைக்கும் பருவம் அது. மருமகளின் அட்டை ஒன்றிலே, பதினெட்டு மாதத்தில் பிள்ளை விரலாற் சுட்டிக்காட்டுகிறதா என்று கேட்டறிய வேண்டும் என்றிருந்தது. "சுட்டுவதிலே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கினாள்.

பிள்ளை ஒரு பிஸ்கோத்தைச் சுட்டினால், "அதைத் தா" என்பது பொருள். நிலாவைச் சுட்டினால், "அதைப் பார், நான் பார்க்கிறதை நீயும் பார்" என்பது பொருள். முன்னது தேவை, பின்னது உறவு. தாய் காட்டிய திசையிலே கண்ணை ஓட்டுவதும், தான் கண்டதைத் தாய்க்குக் காட்டிவிட்டு அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் அந்த வயதுக்குள் வந்துவிட வேண்டும். வராவிடின் வைத்தியர் ஆராய வேண்டும்; ஓட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டின் முன்னறிகுறிகளுள் அதுவும் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழ்த் தாய்மார் சோறூட்டுகிற சாக்கிலே முற்றத்தில் நின்று செய்த பரிசோதனை இது என்று நான் சொல்ல, "இதையும் ஒரு அட்டையில் எழுதிவைக்கிறேன் மாமா" என்றாள். மாதக் கணக்கு சிறிது முன்பின்னாக இருந்தால் பெற்றோர் உடனே பதற வேண்டியதில்லை என்பதையும், ஆனால் பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளையை, "அவன் அப்பனும் பிந்தித்தான் நடந்தான்" என்று சமாதானம் சொல்லி வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லும்படி அவள் கேட்டுக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.

செங்கமாரி அட்டைகள் ஒரு கட்டு. பிறந்த குழந்தைகள் பலவற்றுக்கு இரண்டாம், மூன்றாம் நாளிலே உடல் மஞ்சளிப்பது வழக்கந்தான். ஆனால் பிறந்த முதல் 24 மணித்தியாலத்திலேயே மஞ்சள் தோன்றினால் அது ஒருபோதும் வழக்கமன்று. இரண்டு கிழமைக்கு மேலும் மஞ்சள் நீங்காமல், மலமும் சுண்ணாம்பு போல் வெளிறிப் போனால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கக் கூடும். 1959இல் கசாய் என்னும் யப்பானிய வைத்தியர் அதற்கொரு சத்திரசிகிச்சையை வெளியிட்டார். இரண்டு மாதம் கழிவதற்குள் அதைச் செய்வதே பெரும்பயன் தரும். ஆகவே, பிள்ளையின் மலத்தின் நிறத்தைப் பார்ப்பதில் அருவருப்புக் கூடாது.

நீலநிற விளக்கின்கீழ்ப் பிள்ளையைக் கிடத்தும் சிகிச்சை வந்த கதை இன்னும் சுவையானது. 1956ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரொச்போர்ட் என்னும் ஊரின் வைத்தியசாலையிலே, குறைமாதப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாயிருந்த தாதி வோட் அம்மையார், நல்ல வெயில் நாட்களிலே பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவாராம். ஒருநாள் ஒரு குழந்தையை வைத்தியர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஓரிடம் மட்டும் முக்கோணமாய் மஞ்சளாக இருந்தது. அது துணியின் மூலை மறைத்திருந்த இடம். வெயில் பட்ட இடத்து மஞ்சள் நீங்கியிருந்தது! அதிலிருந்து ஆராய்ந்து 1958இல் ஒளிச்சிகிச்சையைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஒரு தாதி கண்ணைத் திறந்து பார்த்ததனால் வந்த மருத்துவம். அதற்காக, மஞ்சள் முற்றிய பிள்ளையை முற்றத்து வெயிலிலே கிடத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள் என்று மருமகள் எச்சரிக்கிறாள். வெயிலின் அளவை யாரும் அறியார். விளக்கின் அளவை அறிவார்கள்.

இன்னொரு கட்டு அட்டைகளுக்கு நான் "காணாத நோய்கள்" என்று பெயரிட்டேன். தொண்டைக்கரப்பன், பிறந்த குழந்தையின் ஏற்புவலி, இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றை அவள் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறாள். ஒன்றையும் கண்ணாற் கண்டதில்லை. இலங்கையில் இளம்பிள்ளை வாதம் கடைசியாகக் காணப்பட்டது 1993இல். 1961இல் முக்கூட்டுத் தடுப்பூசியும், 1962இல் போலியோச் சொட்டு மருந்தும் இந்நாட்டிற்கு வந்தன. 1978இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் உருவாயிற்று. கிராமந்தோறும் துவிச்சக்கர வண்டியிலே போய் வந்த மருத்துவமாதர்கள் அந்த நோய்களைப் பாடப்புத்தகத்துக்குள்ளே அடைத்துவிட்டார்கள். சின்னமுத்து மட்டும் 2019இல் நாட்டை விட்டு நீங்கியதாகச் சான்று பெற்ற பின்னர் 2023இல் மீண்டும் தலைகாட்டியது. "காணாத நோயைப் பற்றிய கேள்விதான் மாமா மிகவும் கடினம், ஆனால் அதைக் காண வேண்டாம் என்பதற்காகத்தானே படிக்கிறோம்" என்றாள்.

காய்ச்சல், இருமல் பற்றிய அட்டைகளிலிருந்து இரண்டை மட்டும் சொல்லி அப்பாற் செல்கிறேன். இருமும் பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஓர் ஆண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ அது வெறும் தடிமன் அன்று. மற்றொன்று, நுளம்பு பரப்பும் டெங்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கியது என்று நாம் மகிழ்வோம்; உண்மையில் ஆபத்துத் தொடங்குவது காய்ச்சல் தணியும் வேளையிலேதான். அடுத்த ஓரிரு நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பாகம் குழாய்களிலிருந்து கசியக்கூடும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர வேறு வலிமருந்து கூடாது.

இனி, சவலைக்கு வருகிறேன்.

ஒருநாள் இரவு நான் எடுத்த அட்டையிலே குவாஷியோர்கர் என்றிருந்தது. போசாக்கின்மையால் வரும் நோய். உடல் மெலிந்தும் காலும் முகமும் வீங்கியும், தலைமயிர் நிறம் வெளிறியும், பிள்ளை சிரிப்பிழந்து சிணுங்கியபடி இருக்கும். ஐந்து கூற்றுக்களில் ஒன்று அச்சொல்லின் பொருளைப் பற்றியது. சிசெலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் மேற்காபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டிலே, அதாவது இன்றைய கானாவிலே, பணிபுரிந்தபோது இந்நோயை ஆராய்ந்து 1933இல் எழுதினார். 1935இல் அங்குள்ள கா மொழியின் சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். அடுத்த பிள்ளை வந்ததும் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். வைத்தியர்கள் நோய்க்குத் தம் பெயரை இடும் உலகத்திலே, அந்த அம்மையார் ஆபிரிக்கப் பாட்டிமாரிடம் கேட்டு, அவர்கள் இட்ட பெயரையே இட்டார். அந்தப் பெயரிலேயே நோயின் காரணமும் அடங்கியிருந்தது.

நான் உள்ளே போய் அகராதியை எடுத்துவந்தேன். சவலை, சவலைபாய்தல். தாய் மீண்டும் கருவுற்றதனால் பாலின்றி மெலிந்த பிள்ளை சவலைப்பிள்ளை. கா மொழிப் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் ஒருவரையொருவர் கண்டவர்களல்லர்; ஆயினும் இருவரும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள். மருமகளுக்கு அச்சொல்லே புதிது. ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தவள், ஆபிரிக்கச் சொல்லை எழுத்துப் பிழையின்றி எழுதுகிறாள். தன் கொள்ளுப்பாட்டி நாளும் வழங்கிய சொல்லை அறியாள். குற்றம் அவளுடையதா? சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, 1860களில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே பெரிய பெரிய மருத்துவ நூல்களையும் அச்சிட்டார். காரைதீவிலே 1892இல் பிறந்த நம் விபுலாநந்த அடிகள் 1930களில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். இவர்கள் வழியிலே நாமும் குழுக்கள் கூட்டிப் புதுச்சொற்களைப் பிறப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால், இருந்த சொல்லைப் பேணத் தவறிவிட்டோம். புதிய பிள்ளை வந்ததும் பழைய பிள்ளையை மடியிலிருந்து இறக்கிய கதைதான் இதுவும்.

இந்தப் பேச்சு நடந்த மறுநாளே அந்த அட்டை வந்தது. "கடும் வயிற்றோட்டமுள்ள பிள்ளைக்கு வாயாற் கொடுக்கும் நீரைக் குறைக்க வேண்டும். சரியா, பிழையா?"

"பிழை" என்றாள், யோசிக்கவும் இல்லை. அடுத்த கூற்றை நான் வாசிக்காதிருப்பதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் காய்ச்சலில் இறந்தான் என்றுதான் அவளுடைய தாய், என் அக்கா, அவளிடம் சொல்லியிருந்தாள். 1990ஆம் ஆண்டு கிழக்கில் மீண்டும் போர் மூண்டபோது ஊரைவிட்டோடி ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தோம். ஒரு கிணறு, அதைச் சுற்றிப் பல குடும்பங்கள். அவனுக்குப் பதினெட்டு மாதம். அம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பால் மறந்து சில மாதமாகியிருந்தது. நிலாவைக் காட்டத் தெரிந்த, மெலிந்த பிள்ளை. வயிற்றோட்டம் தொடங்கியதும், "தண்ணீர் கொடாதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்று அம்மம்மா சொன்னார். அங்கிருந்த மூத்தோர் எல்லோரும் அதையே சொன்னார்கள். தம்பி அழுதான்; பின்பு கண்ணீரின்றி அழுதான். அக்கா நனைத்த துணியால் அவன் உதட்டைத் துடைத்தபோது அந்தத் துணியைப் பற்றிச் சப்பினான். அம்மம்மா அதைப் பிடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் இல்லை.

மருமகள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியர் கேட்பது போலவே கேட்டாள். கண் குழிந்திருந்ததா? வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே திரும்பியதா? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின்பு, "எத்தனை கிலோ இருந்திருப்பான் மாமா?" என்றாள். எட்டு இருக்கலாம் என்றேன். அட்டையின் ஓரத்திலே பென்சிலாற் பெருக்கினாள். கிலோவுக்கு 75 மில்லிலீற்றர், எட்டுக்கு 600. நாலு மணித்தியாலத்திலே, கரண்டி கரண்டியாக. "முதல் நாளே தொடங்கியிருந்தால்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அந்த 600 மில்லிலீற்றரில் என்ன இருக்க வேண்டும் என்பதை 1990இல் உலகம் அறிந்துதான் இருந்தது. குடலின் சுவர் உப்பையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது என்பதை 1960இல் றொபேட் கிறேன் என்னும் விஞ்ஞானி எடுத்துரைத்தார். வயிறு எவ்வளவு போனாலும் அந்த வாசல் அடைபடுவதில்லை. இரண்டும் அளவாகச் சேர்ந்த நீர் அவ்வழியே இரத்தத்துட் சென்றுவிடும். 1971இல் வங்காளப் போரினால் இலட்சக்கணக்கான அகதிகள் இந்திய எல்லைக்குள் வந்தபோது, பொன்காவ் என்னும் ஊரிலே வாந்திபேதி பரவிற்று. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்னும் இளம் வைத்தியர் குளுக்கோசையும் உப்பையும் அப்பச்சோடாவையும் பொதிகளாகக் கட்டி, நீரிற் கரைத்துப் பீப்பாக்களில் நிரப்பி, தாய்மாரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. அவர் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்மவிபூஷண் அளித்தது. அகதிமுகாம் ஒன்றிலே கண்டறியப்பட்ட அந்த மருந்து, பத்தொன்பது ஆண்டுகளின் பின்னும் எங்கள் அகதிமுகாமுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் அம்மம்மா விட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி.

அம்மம்மாவைக் குறைசொல்லி இதை நான் எழுதவில்லை. வயிற்றோட்டத்துக்குப் பட்டினி போடுவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேனாட்டு வைத்தியர்களிடமும் வழக்கமாயிருந்தது என்று மருமகள் சொன்னாள். ஓட்டைப் பானையிலே நீர் ஊற்றுவானேன் என்பது பார்வைக்கு நியாயமான வாதம். பிழையான விடைகள் எப்போதும் நியாயமாகவே தோன்றும். அதனாலன்றோ அவற்றை வினாத்தாளிலே சேர்க்கிறார்கள்!

கடைகளிலே ஜீவனி என்ற பெயரில் விற்பது அதே மருந்துதான். ஒரு பொதியை அதில் எழுதியுள்ள அளவு நீரிலேயே, கொதித்தாறிய நீரிலே, கரைக்க வேண்டும். பாதிப் பொதி, பாதி நீர் என்று கண்மதிப்பிலே செய்யக் கூடாது. பொதி கிடையாத இடத்தில் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு மிகுந்தால் ஆபத்து. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உண்ணும் பிள்ளைக்கு உணவையும் நிறுத்தக் கூடாது. வைத்தியர் தரும் நாகச் சத்து மருந்தைப் பத்து முதல் பதினான்கு நாள்வரை கொடுக்க வேண்டும். பிள்ளை குடிக்க முடியாமற் சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியம் போதாது, உடனே வைத்தியசாலை. இவற்றை மருமகள் சொல்ல நான் எழுதி, அவளிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன். வாழ்க்கையிலே முதல் முறையாக என் கட்டுரையில் ஒருவர் சிவப்பு மையால் கோடிட்டார்.

அன்றிரவு அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் படித்தாள். நள்ளிரவு கடந்து தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் விறாந்தையிலே விளக்கெரிந்தது. அடுத்த கிழமை இரவு பஸ்ஸிலே கொழும்புக்குப் புறப்பட்டாள். என் மனைவி பிள்ளையார் கோயில் விபூதியை அவள் நெற்றியிலே பூசி, பயணத்துக்குப் பிட்டும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தாள். சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுபோகவில்லை, பாரம் என்றாள்.

பரீட்சை முடிந்த மாலை தொலைபேசியிற் பேசினாள். குவாஷியோர்கர் வரவில்லையாம். அம்புலியும் வரவில்லையாம். பனிநாடுகளில் இலட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய்களைப் பற்றி மூன்று கேள்விகளாம். பரீட்சகர்களின் குணம் எங்கும் ஒன்றுதான். வயிற்றோட்டத்திலே ஒரு கேள்வி வந்ததாகச் சொன்னாள். "சரியாக எழுதினாயா?" என்று கேட்டேன். "எழுதினேன் மாமா. நேரம் போதாமல் இருந்தும் அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்" என்றாள்.

முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அக்காவுக்கு அன்றே தொலைபேசியெடுத்து, தம்பியைப் பற்றி மகளிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிவித்தேன். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தத் துணி நீலத் துணி, இல்லையா?" என்று கேட்டாள்.